கால எடுத்துட்டேன், வண்டி எடுக்கல: பழைய கார் தானா பறக்குறத பத்தி என்கிட்ட கேட்ட கேள்விகள்

என்னோட 97 மாடல் மாருதி 800, போன வருஷம் விராலிமலை தாண்டி ஒரு லாரிய ஓவர்டேக் பண்றப்போ, ஆக்சிலேட்டர் அமுக்கின இடத்துலயே நின்னுடுச்சு. கால தூக்குறேன், பெடல் கூடவே வரல, வண்டி பாட்டுக்கு 90, 95னு போகுது. ஒண்ணும் ஆகல, ஓரங்கட்டிட்டேன். ஆனா அந்த கதைய நாலு பேர்கிட்ட சொன்னதுதான் தப்பு, அன்னிலேர்ந்து சொந்தக்காரங்க, ஆபீஸ், பழைய கார் வெச்சிருக்கிற கூட்டாளிங்கன்னு எல்லாரும் மாத்தி மாத்தி ஒரே சந்தேகத்த கேக்குறாங்க. அதான் கேட்டது கேட்டபடியே எழுதி பதில் போட்டுட்டேன். நான் மெக்கானிக் இல்ல, இருபது வருஷமா பழைய வண்டியோட மல்லுக்கட்டுற ஆளு, அவ்ளோதான்.

1. "வண்டி தானா ஸ்பீடு எடுக்கும்னு சொல்றது நெசமாண்ணே, இல்ல இடிச்சவங்க சொல்ற சாக்கா?"

ரெண்டும் உண்டு. பிரச்சனை என்னன்னா, நாலஞ்சு வேற வேற விஷயத்த ஒரே பேர்ல சொல்லிட்டு இருக்கோம். நீங்க அமுக்கின ஆக்சிலேட்டர் திரும்பி வராம மாட்டிக்கிறது ஒண்ணு. நீங்க தொடவே இல்ல ஆனா ஐட்லிங் (கால வெக்காதப்போ எஞ்சின் சும்மா ஓடுற வேகம்) தானா ஏறி வண்டிய இழுக்குறது இன்னொண்ணு. க்ரூஸ் கண்ட்ரோல் (கால வெக்காமலே வண்டிய ஒரே வேகத்துல ஓட்டுற வசதி) விடாம புடிச்சுக்கிறது, டீசல் எஞ்சின் தன்னோட ஆயிலையே குடிச்சிட்டு கத்துறது, அப்புறம் பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிக்கிறது, இதெல்லாம் தனித்தனி.

அதனால யாராவது வண்டி பறந்துடுச்சுன்னு சொன்னா நான் முதல்ல கேக்குறது ஒரே கேள்விதான்: அமுக்கினது திரும்பலயா, இல்ல அமுக்காமலே ஏறுச்சா? பழைய கேபிள் வண்டியில, அதாவது பெடல்லேர்ந்து எஞ்சினுக்கு கம்பி போற வண்டியில, பெரும்பாலும் முதல் வகைதான். நின்னுட்டு இருந்த வண்டி திடீர்னு பாய்ஞ்சுதுன்னா கதை வேற, அத 14-ல பாப்போம்.

2. "ரோட்டுல போயிட்டு இருக்கப்போ மாட்டிக்கிச்சுன்னா முதல் வேலை என்ன?"

கிளட்ச். கியர் வண்டின்னா கிளட்ச முழுசா அமுக்குங்க, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருக்கிற தொடர்பு அங்கயே கட் ஆயிடும். ஆட்டோமேட்டிக்னா லீவர நியூட்ரலுக்கு தள்ளுங்க, பெரும்பாலான வண்டியில டி-லேர்ந்து என்-க்கு போக லீவர்ல இருக்கிற பட்டன அமுக்கவே வேணாம், சும்மா தள்ளினாலே போகும். எஞ்சின் உயிர் போற மாதிரி கத்தும், கத்தட்டும். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பழைய பாகம்) வெச்ச வண்டியில எஞ்சின் வேகத்த கட்டுப்படுத்த எதுவும் இருக்காது, வால்வு வளையலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். எஞ்சின் போனா கழட்டி வேற போட்டுக்கலாம்.

அப்புறம் பிரேக்க ஒரே அமுக்கா அமுக்கி, ஓரமா கொண்டு போய், வண்டி நின்னதுக்கப்புறம் சாவி ஆஃப். இதுதான் வரிசை. நான் பண்ணின முட்டாள்தனம் என்னன்னா ரோட்ட விட்டுட்டு குனிஞ்சு பெடல பாத்தேன். ரெண்டு மூணு செகண்டு இருக்கும். 95-ல ரெண்டு செகண்டுன்னா அம்பது மீட்டருக்கு மேல கண்ண மூடிட்டு போன கணக்கு. கால் நுனிய பெடலுக்கு கீழ விட்டு மேல தூக்கி பாக்கலாம், சில சமயம் வந்துடும், ஆனா அத நியூட்ரல் போட்டதுக்கு அப்புறம் பண்ணுங்க, குனிஞ்சு கையால எடுக்க முயற்சியே பண்ணாதீங்க.

3. "அவ்ளோ எதுக்கு ப்ரோ, சாவிய ஆஃப் பண்ணா எஞ்சின் நின்னுடும்ல?"

நிக்கும். ஆனா பதட்டத்துல சாவிய கடைசி வரைக்கும் திருப்பி உருவிட்டா ஸ்டியரிங் லாக் ஆயிடும், அப்புறம் வண்டி நேரா போகும், ரோடு வளையும். ஒரு ஸ்டெப் மட்டும் பின்னாடி திருப்பணும், எஞ்சின் ஆஃப் ஆகுற இடம் வரைக்கும், சாவிய உருவக்கூடாது. பவர் ஸ்டியரிங் வண்டின்னா ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும், திருப்ப முடியும் ஆனா பலம் வேணும். கிளட்ச் கைகுடுக்கலன்னாதான் சாவிக்கு போங்க.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில ஓட்டத்துல ஒரு தடவ தட்டினா ஆஃப் ஆகாது. விடாம அமுக்கி புடிக்கணும், டொயோட்டாவுல அப்ப மூணு செகண்டு. எத்தனையோ பேர் தட்டி தட்டி பாத்துட்டு ஆஃப் ஆகலன்னு சொல்றது இதனாலதான். உங்க வண்டியில எப்படின்னு காலி கிரவுண்ட்ல மெதுவா போயி ஒரு தடவ பண்ணி பாத்துடுங்க.

4. "ஃபுல் ரேஸ்ல இருக்கிற எஞ்சின பிரேக் நிறுத்துமா? நிறுத்தாதுன்னு எங்க மெக்கானிக் அடிச்சு சொல்றாரு"

நல்ல கண்டிஷன்ல இருக்கிற பிரேக் நிறுத்தும். 2009-ல ஒரு அமெரிக்க கார் பத்திரிகை, 268 குதிரைசக்தி கேம்ரிய 112 கிலோமீட்டர் வேகத்துல ஆக்சிலேட்டர முழுசா அமுக்கி வெச்சுக்கிட்டே பிரேக் புடிச்சு பாத்தாங்க. சாதாரணமா 174 அடியில நிக்கிற வண்டி 190 அடியில நின்னுச்சு. 16 அடிதான் வித்தியாசம்.

ஆனா உங்க மெக்கானிக் சொல்றதுலயும் ஒரு விஷயம் இருக்கு. பெட்ரோல் எஞ்சின்ல பிரேக் பூஸ்டர் (நம்ம அமுக்குக்கு கூடுதல் பலம் குடுக்குற பாகம்) வேலை செய்யறதே எஞ்சின் உறிஞ்சுற வேக்கம், அதாவது வெற்றிடம் வெச்சுதான், த்ராட்டில் (எஞ்சினுக்கு போற காத்த திறந்து மூடுற தகடு) முழுசா திறந்திருந்தா அந்த வேக்கம் கிட்டத்தட்ட இருக்காது. பூஸ்டருக்குள்ள சேமிச்சு வெச்சிருக்கிறது ஒண்ணு ரெண்டு அமுக்குக்கு வரும், அவ்ளோதான். நம்மாளுங்க பதட்டத்துல பிரேக்க பம்ப் பண்ணுவாங்க, மூணாவது அமுக்குல பெடல் கட்டை மாதிரி ஆயிடும், உடனே பிரேக்கும் ஃபெயிலுன்னு நெனச்சுக்குவாங்க. அதனால ஒரே அமுக்கு, விடாத அமுக்கு. (டீசல் வண்டிக்கு தனி வேக்கம் பம்ப் இருக்கும், அங்க இந்த தொல்லை கம்மி.) இன்னொரு விஷயம், லேசா லேசா புடிச்சுக்கிட்டே ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினா சூட்டுல பேடு கருகிடும், அதுக்கப்புறம் எந்த வண்டியா இருந்தாலும் நிக்காது. நாலு பக்கமும் தேய்ஞ்ச பழைய வண்டிக்கு அந்த 16 அடி கணக்கு பொருந்தாதுன்னு நான் சொல்லணுமா என்ன.

5. "ஹேண்ட் பிரேக் இழுத்தா?"

அது பின் சக்கரத்துக்கு மட்டும் போற ஒரு கேபிள். முன் சக்கரம் இழுக்குற வண்டிய ஃபுல் ரேஸ்ல அது நிறுத்தாது, வேகத்துல சட்டுன்னு இழுத்தா வண்டி சுத்திடும். 2-ல சொன்னத பண்ணிட்டு, கூட உதவிக்கு மெதுவா இழுக்கலாம்.

6. "எதனால தான் மாட்டுது? கார்புரேட்டர் வண்டி வெச்சிருக்கேன், எங்க பாக்கணும்?"

என் வண்டியில என்ன ஆச்சுன்னு சொல்றேன், பாதி பதில் அதுலயே இருக்கு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பட்டறையில கார்புரேட்டர் கழட்டி சர்வீஸ் பண்ணினாங்க, திரும்ப மாட்டும்போது ஆக்சிலேட்டர் கேபிள அதோட பழைய பாதையில விடாம, ஒரு இடத்துல கூர்மையா மடக்கி விட்டுட்டாங்க. மடங்கின இடத்துல உள்ள இருக்கிற கம்பி தினம் உரசி உரசி ஒரு ரெண்டு இழை பிரிஞ்சிருக்கு. சாதாரணமா ஓட்டுறப்போ தெரியவே இல்ல, முழுசா அமுக்கினப்போதான் பிரிஞ்ச இழை வெளி உறையோட வாயில போய் முள்ளு மாதிரி குத்திக்கிச்சு. கேபிள் புதுசு மாத்த ஆன செலவு ரெண்டு பேரு பிரியாணி சாப்பிட்டா ஆகுற காசுதான், இதுக்காகவா உயிர் போயிருக்கணும்னு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

கேபிள் தவிர பாக்க வேண்டியது: கார்புரேட்டர் மேல இருக்கிற ரிட்டர்ன் ஸ்பிரிங், அது வருஷக்கணக்கா சூட்டுல இருந்து தொய்ஞ்சு போயிருக்கும், இல்ல எவனோ சைக்கிள் ஸ்பிரிங் மாட்டியிருப்பான். த்ராட்டில் ஷாஃப்ட், அதாவது உள்ள இருக்கிற பட்டர்ஃப்ளை தகட்டோட அச்சு, தேய்ஞ்சு ஆடும், இல்ல பிசின் புடிச்சு இறுகும். அப்புறம் யாரும் கவனிக்காத ஒண்ணு ஐட்லிங் ஸ்க்ரூ. மைலேஜ் வரணும்னு அத ரொம்ப பின்னாடி திருப்பி விட்டுடுவாங்க, தகடு முழுசா மூடி போய் சுவத்துல ஆப்பு மாதிரி இறுகிக்கும், பெடல் முதல்ல நகராது, கொஞ்சம் பலமா அமுக்கினா டக்குன்னு விட்டு வண்டி குதிக்கும். பெடலோட கீல்ல துரு, ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஓட்டையில இருக்கிற ரப்பர் கிழிஞ்சு கேபிள் நகர்றது, எலி கடிச்சது, இதெல்லாம் பின்னால வரும்.

ஸ்பிரிங் ரெண்டு இருக்கணும்ங்கிறது புதுசா நான் சொல்றது இல்ல. அமெரிக்காவுல 1973 செப்டம்பர்லேர்ந்தே சட்டம் இருக்கு, கால எடுத்தா த்ராட்டில திருப்பி கொண்டு வர குறைஞ்சது ரெண்டு தனித்தனி சக்தி இருக்கணும், ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு இழுக்கணும், சாதாரண காருக்கு ஒரு செகண்டுக்குள்ள ஐட்லிங்குக்கு வந்துடணும்னு. அம்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட சட்டம், நம்ம பட்டறையில இன்னும் ஒரு ஸ்பிரிங்க கழட்டிட்டு "பெடல் லைட்டா இருக்கும் சார்"னு சொல்றான்.

7. "கால்கிட்ட தரையில போடுற மேட்டு மாட்டிக்கும்னு சொல்றது ஓவரா இல்ல?"

ஓவர் இல்ல. 2009 ஆகஸ்ட் 28, கலிஃபோர்னியாவுல சான் டியேகோ பக்கம், ஒரு நெடுஞ்சாலை போலீஸ் அதிகாரி டூட்டி இல்லாத நாள்ல குடும்பத்தோட போயிட்டு இருந்தாரு, சொந்த வண்டி சர்வீஸ்ல இருந்ததால டீலர் இரவல் குடுத்த லெக்ஸஸ் இஎஸ் 350. அதுல வேற மாடலுக்கான ரப்பர் மேட்ட போட்டிருந்தாங்க, கொக்கியும் மாட்டல. ஆக்சிலேட்டர் அடியில சிக்கி வண்டி 160 கிலோமீட்டருக்கு மேல போயி நாலு பேரும் செத்துட்டாங்க. வண்டியே தொழிலா இருக்கிற ஆளுக்கே அந்த நேரத்துல முடியல, பிரேக்கு கருகியிருந்துச்சு, பட்டன எவ்ளோ நேரம் அமுக்கணும்னு தெரியாத இரவல் வண்டி (3-ம் 4-ம் திரும்ப படிங்க). அதே வண்டிய அதுக்கு முன்னாடி எடுத்துட்டு போன ஆளும் இதே மேட்டு மாட்டுச்சுன்னு டீலர்கிட்ட சொல்லியிருக்காரு, அதுதான் மனசு ஆறாத விஷயம்.

நம்ம ஊர்ல கம்பெனி மேட்டு, அது மேல தேங்காநார் மேட்டு, மழைக்கு அது மேல நியூஸ்பேப்பர்னு மூணு மாடி கட்டி வெச்சிருப்போம். டிரைவர் பக்கம் ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில போறதும் இதே கணக்குதான், பிரேக் இறங்காது. ரப்பர் செருப்போட வார் பெடல் நுனியில மாட்டும், நான் இப்ப செருப்ப கழட்டி வெறுங்காலோட ஓட்டுறேன், கழட்டினத பின் சீட்டுக்கு அடியில போடுறேன், கால்கிட்ட போடறதில்ல.

8. "எஞ்சின் மவுண்டிங் போனா ஆக்சிலேட்டர் இழுக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, கதை விடுறாரா?"

இல்ல, கரெக்டாதான் சொல்லியிருக்காரு. எஞ்சின தாங்குற ரப்பர் அறுந்து போச்சுன்னா, ரேஸ் குடுக்குறப்போ எஞ்சின் ஒரு பக்கமா எழும்பும், பெடல்லேர்ந்து போற கம்பியோ ராடோ பாடியில நிக்குது, எஞ்சின் நகருது, அப்ப யாரு இழுத்த மாதிரி ஆகும்? த்ராட்டில் இன்னும் திறக்கும், எஞ்சின் இன்னும் எழும்பும். ஜெனரல் மோட்டார்ஸ் 1971 டிசம்பர்ல இதுக்காகவே 1965 முதல் 69 வரைக்குமான செவர்லே வண்டிங்க 67 லட்சத்த திரும்ப கூப்பிட்டாங்க. மவுண்டிங்க மாத்தக்கூட இல்ல, எஞ்சின் எழும்பாம ஒரு இரும்பு வயர வெச்சு கட்டி அனுப்பினாங்க.

உங்க வண்டியில பானெட்ட தூக்கி ஒருத்தர ரேஸ் குடுக்க சொல்லுங்க, எஞ்சின் துள்ளுதான்னு பாருங்க. நெளியற கேபிள் வெச்ச வண்டியில பாதிப்பு கம்மி, ராடு லிங்கேஜ் வண்டியிலதான் அதிகம்.

9. "காலையில ஸ்டார்ட் பண்ணா கத்திக்கிட்டே நிக்குது, கால வெக்காமலே வண்டி நகருது. ஆபத்தா?"

சோக் (குளிர்ல ஸ்டார்ட் ஆக இழுக்குற குமிழ்) இழுத்து வெச்சுட்டு மறந்துட்டீங்களான்னு பாருங்க. சோக் போட்டா ஐட்லிங் ஏறணும், அதுக்குத்தான் அது. ஏசி போட்டவுடனே கொஞ்சம் ஏறுறதும் சரிதான், கம்ப்ரசர் பாரத்த தாங்க த்ராட்டில சின்னதா திறக்குற ஒரு குப்பி இருக்கும். சூடானதுக்கப்புறமும் இறங்கலன்னா எங்கயோ வேக்கம் டியூப் வெடிச்சு காத்து உள்ள போகுது, இல்ல 6-ல சொன்ன ஷாஃப்ட் பிசின். 2000-க்கு அப்புறம் வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்கு பதிலா பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டர் வெச்ச) வண்டின்னா ஐட்லிங் கண்ட்ரோல் வால்வு கரி புடிச்சிருக்கும், த்ராட்டில் பாடிய கழட்டி கிளீன் பண்ணினா பாதி வண்டி சரியாயிடும்.

இதெல்லாம் வண்டிய நகர்த்தும், பிரேக்க ஜெயிக்காது. ஆனா நெருக்கமான பார்க்கிங்ல ஒரு திடுக்கிடலுக்கு இது போதும், அந்த திடுக்கிடல் என்ன பண்ணும்னு 14-ல வருது.

10. "சாவி ஆஃப் பண்ணியும் குலுங்கி குலுங்கி ஓடிக்கிட்டே இருக்கு, பேய் புடிச்ச மாதிரி"

எஞ்சினுக்குள்ள கரி படிஞ்சு, அது தணல் மாதிரி சிவந்து இருக்கு, பிளக் தீப்பொறி குடுக்கலன்னாலும் அந்த தணல்லயே பெட்ரோல் பத்திக்குது. கார்புரேட்டர் வண்டிக்கே உரிய வியாதி, ஐட்லிங் அதிகமா இருந்தாலும் வரும். இது வேகம் எடுக்காது. டாப் கியர் போட்டு பிரேக்க அமுக்கிட்டு கிளட்ச விட்டா அடங்கிடும். டீகார்பன் பண்ணுங்க, அதாவது அந்த கரிய எடுக்க சொல்லுங்க, தீப்பொறி டைமிங்கும் பாக்க சொல்லுங்க.

11. "மாமா, டீசல் வண்டி சாவிய புடுங்கினாலும் நிக்காம வெள்ளையா புகை தள்ளிட்டு கத்துச்சு, என்ன அது?"

இதுதான் இந்த பக்கத்துலயே எனக்கு பயமான விஷயம். டீசலுக்கு தீப்பொறி குடுக்குற பிளக் கிடையாது, எரியற எண்ணெய் எதாவது உள்ள போனா போதும், அழுத்தத்துலயே பத்திக்கும். பழைய டர்போவோட (எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தி தள்ளுற விசிறி) சீல் போயி எஞ்சின் ஆயில் காத்து வழியா உள்ள போக ஆரம்பிச்சா, எஞ்சின் தன்னோட ரத்தத்தையே குடிச்சுட்டு ஓடும், சாவிக்கு கட்டுப்படாது, ஆயில் தீரும் வரைக்கும் இல்ல உடையற வரைக்கும் ஏறிக்கிட்டே போகும். ஆயில் அளவுக்கு மேல ஊத்தினாலும் இது நடக்கும்.

இங்க மட்டும் 2-ல சொன்னதுக்கு ஒரு விதிவிலக்கு. கிளட்ச அமுக்கினா பாரம் இல்லாம எஞ்சின் இன்னும் வெறியாகும். முன்னாடி ஆள் இருந்தா வேற வழியில்ல, கிளட்ச்தான். இடம் இருந்தா பெரிய கியர்ல வெச்சே பிரேக்க முழு பலத்தோட அமுக்கி எஞ்சின திணற வெச்சு அணைக்கணும். நின்ன வண்டின்னா அஞ்சாவது கியர், பிரேக்கு, கிளட்ச மெதுவா விடணும். காத்த அடைச்சும் நிறுத்தலாம், தட்டையான பலகை வெச்சு இன்டேக் வாய மூடலாம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருந்தா உள்ள அடிக்கலாம். கைய வெச்சு மூடாதீங்க, துணியையும் உறிஞ்சிடும். உங்களுக்கு தைரியம் இல்லன்னா பத்தடி தள்ளி நின்னு வேடிக்க பாருங்க, தப்பே இல்ல. ஆட்டோமேட்டிக் டீசல்னா திணற வெக்க முடியாது, காத்த அடைக்கிறதுதான் வழி.

12. "அமெரிக்காவுல பழைய ஃபோர்டு வாங்கியிருக்கேன், க்ரூஸ் கண்ட்ரோல் போட்டா விடாம புடிச்சுக்குமா?"

க்ரூஸ் கண்ட்ரோல கண்டுபுடிச்சவர் ரால்ஃப் டீட்டர்னு கண் பார்வை இல்லாத இன்ஜினியர், 1950-ல காப்புரிமை, 1958-ல க்ரைஸ்லர் இம்பீரியல்ல வந்துச்சு. பழைய வண்டியில பெரும்பாலும் வேக்கம் வெச்சு இழுக்குற ஒரு டப்பா, அதுலேர்ந்து த்ராட்டிலுக்கு தனியா ஒரு கேபிள். பிரேக் தொட்டவுடனே கரண்ட்டும் கட் ஆகும், பல வண்டியில பெடல்ல இருக்கிற வால்வு வழியா வேக்கமும் வெளிய போயிடும், ரெண்டு பாதுகாப்பு. அதனால கட்டுப்பாட்டு பெட்டி பைத்தியம் ஆகுறத விட, அந்த கேபிள் எங்கயாவது சிக்குறதுதான் நடைமுறையில பிரச்சனை.

ஃபோர்டே உதாரணம். 2001-லேர்ந்து 2004 வரைக்குமான எஸ்கேப், வி6 எஞ்சின் வண்டிகள 2012 ஜூலையில திரும்ப கூப்பிட்டாங்க. க்ரூஸ் கேபிளோட இணைப்பு எஞ்சின் மூடியில மாட்டிக்கிட்டு, முழுசா அமுக்கின த்ராட்டில் திரும்பாம நின்னுச்சு. க்ரூஸ் போடவே வேணாம், கேபிள் அங்க இருக்கிறதே போதும். இன்னொண்ணு, 90-கள்ல வந்த ஃபோர்டு வண்டிங்கள்ல க்ரூஸ துண்டிக்கிறதுக்குன்னு பிரேக் ஆயில் பக்கத்துல வெச்ச ஸ்விட்ச் கசிஞ்சு, நின்ன வண்டி தீ புடிச்சது. பல வருஷமா தவணை தவணையா கூப்பிட்டு மொத்தம் ஒரு கோடி வண்டிக்கு மேல போச்சு. உங்க வண்டியோட சேசிஸ் நம்பர அவங்க அரசாங்க ரீகால் பக்கத்துல போட்டு பாருங்க, காசு கிடையாது, சர்வீஸ் பண்ணியிருக்கான்னு தெரிஞ்சிடும்.

13. "ஸ்பீடு கவர்னர் பழுதானா வண்டி பறக்குமா?"

டாக்ஸி, வேன்ல 80-க்கு மேல போகாம வெக்கிற பெட்டி அது. அது ஃபெயிலானா மேல போக விடும், தானா கொண்டு போகாது. ஆனா கேபிள் நடுவுல வெட்டி மாட்டியிருந்தா 6-ல சொன்ன மாதிரி அதுவும் ஒரு சிக்குற இடம்தான்.

14. "சத்தியமா பிரேக்கதான் அமுக்கினேன், அமுக்க அமுக்க வண்டி வேகமா போச்சு. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க"

இந்த வரிய எனக்கு மூணு பேர் தனித்தனியா அனுப்பியிருக்காங்க. கோவப்படாம படிங்க. ஆடி 5000-னு ஒரு கார், 1978-லேர்ந்து 86 வரைக்கும் அமெரிக்காவுல வித்த மாடல். பார்க்கிங்லேர்ந்து கியர் போட்டவுடனே பாய்ஞ்சு சுவத்துல மோதுதுன்னு ஏகப்பட்ட புகார். 1986 நவம்பர்ல சிபிஎஸ் டிவியில ஒரு நிகழ்ச்சி, அதுல ஆக்சிலேட்டர் தானா கீழ போற மாதிரி காட்டினாங்க, பின்னாடி பாத்தா கியர்பாக்ஸ்ல ஓட்ட போட்டு காத்து அடிச்சு அப்படி பண்ணியிருக்காங்க. 1985-ல 74,000 கார் வித்த கம்பெனி 1991-ல 12,000 சொச்சத்துக்கு வந்துடுச்சு. அரசாங்கம் விசாரிச்சு 1989-ல அறிக்கை குடுத்தாங்க: பெரும்பாலானது பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சது.

ஆனா அந்த அறிக்கைய "எல்லாம் டிரைவர் தப்பு"ன்னு சுருக்குறது எனக்கு புடிக்காது. அந்த வண்டியில ஐட்லிங்க சமாளிக்கிற பாகம் சில சமயம் பழுதாகி, எஞ்சின் திடீர்னு கத்தி வண்டி லேசா பாய்ஞ்சிருக்குன்னும் கண்டுபுடிச்சாங்க, பெடலுங்க இருந்த இடமும் அமெரிக்க காருங்கள்ல பழகின கால குழப்புற மாதிரி இருந்துச்சு. ஒரு சின்ன பாய்ச்சல், டிரைவர் பதறி பிரேக்க மிதிக்கிறாரு, கால் ரெண்டு இஞ்ச் தள்ளி விழுது, வண்டி இன்னும் பாயுது, "பிரேக்" புடிக்கலன்னு இன்னும் அமுக்குறாரு. மூளை பிரேக்குன்னுதான் உத்தரவு போட்டுச்சு, அதனாலதான் சத்தியம் பண்றாங்க, பொய் சொல்லல.

நீங்க நின்ன இடத்துலேர்ந்து பாய்ஞ்சிருந்தா, பிரேக் அமுக்கியும் துளி வேகம்கூட குறையலன்னா, இடிச்சதுக்கப்புறம் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் நல்லாவே வேலை செஞ்சா, காலத்தான் சந்தேகப்படணும். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் ஒரே நேரத்துல பழுதாகி, ஒரே நேரத்துல தானா சரியாகுறது ரொம்ப அபூர்வம்.

15. "அப்பாவுக்கு 68 வயசு, ஆட்டோமேட்டிக் வாங்கி குடுத்தோம், இப்ப பயமா இருக்கு"

நாப்பது வருஷம் கிளட்ச்ல ஓட்டின இடது கால் சும்மா இருக்காது. இடது கால சீட்டு பக்கம் இழுத்து வெச்சு பழகட்டும், பிரேக்குக்கு வலது கால் மட்டும். குதிகால் பிரேக் பெடலுக்கு நேரா இருக்கணும், ஆக்சிலேட்டருக்கு கால திருப்பி போகணும், இந்த ஒரு பழக்கம் போதும். ரிவர்ஸ்ல உடம்ப திருப்பிட்டு பாக்கும்போது கால் நகரும், அதுலதான் அபார்ட்மெண்ட் தூணெல்லாம் அடி வாங்குது. பிரேக் அமுக்காம கியர் நகராத பூட்டு இருக்குல்ல, அது பரவலா வந்ததே அந்த ஆடி கதைக்கு அப்புறம்தான், அத எவனாவது பைபாஸ் பண்ணி குடுத்தா வேணாம்னு சொல்லுங்க.

16. "கம்ப்யூட்டர் இல்லாத கார்தான் சேஃப்னு சொல்லுங்க சார், டொயோட்டா கதை தெரியும்ல?"

தெரியும், ரெண்டு பக்கமும் தெரியும். 7-ல சொன்ன லெக்ஸஸ் டொயோட்டாவோட பிராண்டுதான், அந்த விபத்துக்கு அப்புறம் மேட்டுக்காக ஒரு ரீகால், 2010 ஜனவரியில திரும்பாம ஒட்டிக்கிற பெடலுக்காக 23 லட்சம் வண்டிக்கு இன்னொரு ரீகால். எலக்ட்ரானிக்ஸ்தான் காரணம்னு எல்லாரும் சொல்ல, நாசாவ கூப்பிட்டு பத்து மாசம் ஆராய்ஞ்சாங்க, 2,80,000 வரி புரோகிராம பாத்தாங்க. பெரிய வேகத்துல வண்டி தானா பறக்க எலக்ட்ரானிக் காரணம் எதுவும் கெடைக்கலன்னு 2011 பிப்ரவரியில சொல்லிட்டாங்க. ஆனா பெடல் சென்சார்ல முடி மாதிரி வெள்ளீய இழை முளைச்சு ஷார்ட் ஆகுறத அவங்களே பாத்தாங்க. 2013 அக்டோபர்ல ஓக்லஹோமா கோர்ட்ல, 2005 கேம்ரி விபத்து ஒண்ணுல புரோகிராம் குறைன்னு சாட்சி சொன்னத ஜூரி ஏத்துக்கிட்டு 30 லட்சம் டாலர் குடுக்க சொன்னாங்க. 2014-ல குறைய மறைச்சதுக்காக கம்பெனி அமெரிக்க அரசாங்கத்துக்கு 120 கோடி டாலர் கட்டுச்சு.

அதனால கேபிள் வண்டி சேஃப்னு நான் சொல்ல மாட்டேன். என் கேபிள் என்ன பண்ணுச்சுன்னு பாத்தீங்கல்ல. புது வண்டியில ரெண்டு பெடலையும் சேத்து அமுக்கினா பிரேக்குக்கு மரியாதை குடுத்து எஞ்சின் அடங்கும், என் 800-ல அப்படி ஒண்ணு கிடையாது. கேபிளோட ஒரே நன்மை, பிரிஞ்ச இழைய கண்ணால பாக்கலாம்.

17. "ஆக்சிடெண்ட் ஆயிடுச்சு, வண்டி கோளாறுன்னு எப்படி நிரூபிக்கிறது?"

போலீஸ் கேஸ் ஆனா பிரேக் இன்ஸ்பெக்டர், அதான் மோட்டார் வாகன ஆய்வாளர், வண்டிய பாத்து எழுதி குடுப்பாரு. அவர் வர்றதுக்குள்ள யாரோ பெடல ஆட்டி கேபிள விடுவிச்சிட்டா "இயந்திரக் கோளாறு இல்லை"ன்னுதான் வரும். அதனால தொடாம, பெடல் இருக்கிற நிலை, மேட்டு, பானெட்டுக்கு அடியில த்ராட்டில் திறந்திருக்கா மூடியிருக்கா, எல்லாத்தையும் உடனே வீடியோ எடுங்க. ஆய்வு முடியற வரைக்கும் வண்டிய பட்டறைக்கு விடாதீங்க, அப்புறம் மாத்துற கேபிளையும் தூக்கி போடாம பத்திரமா வெச்சுக்கோங்க.

18. "செகண்ட் ஹேண்ட்ல 800 பாக்க போறேன், அஞ்சு நிமிஷத்துல இத எப்படி செக் பண்றது?"

எஞ்சின் ஆஃப்ல பெடல தரை வரைக்கும் அமுக்கி சட்டுன்னு விடுங்க, "டப்"புன்னு மேல வந்து நிக்கணும், சோம்பேறியா வந்தா சந்தேகம். அமுக்கும்போது நறநறன்னு மணல் மாதிரி கால்ல தெரிஞ்சா கேபிள் உள்ள பிரிஞ்சிருக்கு. ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி வெச்சும் அதையே பண்ணுங்க. பானெட்ட திறந்து கையால த்ராட்டில திறந்து விடுங்க, ஸ்பிரிங் எத்தனைன்னு எண்ணுங்க. எஞ்சின் சூடானதுக்கப்புறம் மறுபடியும் ஒரு தடவ, ஏன்னா குளிர்ல நல்லா இருக்கிறது சூட்டுல இறுகும்.

19. "கேபிள்ல எண்ணெய் விட்டா சரியாகாதா? எதுக்கு மாத்தணும்"

உள்ள நைலான் குழாய் வெச்ச கேபிளுக்கு கிரீஸ் வெச்சா தூசி சேந்து இன்னும் இறுகும். இழை பிரிஞ்ச கேபிளுக்கு எண்ணெய் விடறது, அறுந்த செருப்புக்கு பாலிஷ் போடற மாதிரி. மாத்துங்க.

20. "உங்க 800 இப்ப என்ன ஆச்சு, வித்துட்டீங்களா?"

விக்கல. புது கேபிள், அத பழைய பாதையிலயே விட்டு, மவுண்டிங் மாத்தி, ரெண்டாவது ஸ்பிரிங் ஒண்ணு நானே தேடி மாட்டியிருக்கேன், பெடல் கொஞ்சம் கனமாயிடுச்சு, திருச்சி போயிட்டு வந்தா கெண்டைக்கால் வலிக்குது. வீட்டுக்காரம்மா மட்டும் இன்னும் அதுல ஏறி உக்காந்தவுடனே முதல்ல குனிஞ்சு என் கால்கிட்ட மேட்டு எத்தனை இருக்குன்னு பாக்குறாங்க.